எச்சரிப்பும் தேவ சித்தமும்: விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேதபாட வகுப்பில், வீட்டு ஜெபக்கூட்டத்தில், சில நேரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டே விசுவாசிகள் கேட்கிற கேள்விகள் இவை. பாதிக்கு மேல் அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பதில் சொல்வேன். எச்சரிப்பு, அலட்சியம், புயல், வாக்குத்தத்தம், மறுபடியும் ஓர் எச்சரிப்பு என்று எல்லாமே அந்த ஒரே கப்பலில் இருக்கின்றன. வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பின்படி.

எல்லாம் தேவ சித்தப்படிதான் நடக்கும் என்றால், எச்சரிப்பு எதற்கு?

தத்துவமாகப் பேசப்போனால் விடிய விடியப் பேசலாம். வேதம் நடந்ததைக் காட்டிவிட்டுப் போகிறது.

கி.பி. 60-ஐ ஒட்டிய காலம். பவுலைக் கைதியாக ரோமாவுக்குக் கொண்டுபோகிறார்கள். மீறா பட்டணத்தில் அலெக்சந்திரியாவின் கோதுமைக் கப்பல் ஒன்றில் ஏற்றுகிறார்கள்; ஏறியவர்கள் மொத்தம் 276 பேர். எதிர்க்காற்றில் திணறி, கிரேத்தா தீவின் தென்கரையில் ‘நல்ல துறைமுகம்’ என்ற இடத்தில் ஒதுங்குகிறார்கள். அதற்குள் உபவாச நாள் கழிந்துபோயிற்று என்கிறார் இதை எழுதிய லூக்கா. அது யூதரின் பாவநிவாரண நாள். செப்டம்பர் கடைசியில் அல்லது அக்டோபரில் வரும். மத்தியதரைக் கடலில் செப்டம்பர் பாதிக்கு மேல் கப்பல் விடுவதே ஆபத்து. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஓட்டமே நின்றுவிடும்.

பவுல் எழுந்து, இந்த யாத்திரையினால் சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டுமல்ல, நம் ஜீவனுக்கும் சேதம் உண்டாகும் என்று எச்சரிக்கிறார். யாரும் கேட்கவில்லை. தென்றல் மெதுவாக அடித்தது. நினைத்தது கைகூடிவிட்டது என்று நங்கூரத்தைத் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் யூரோக்கிலிதோன் என்ற கடுங்காற்று வந்து மோதியது.

இதில் பலர் கவனிக்காமல் போகிற ஒன்று உண்டு. பவுல் ரோமாவுக்குப் போய்ச் சேருவார் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். எருசலேமில் காவலில் இருந்த ராத்திரியில் கர்த்தர் அவர் அருகே நின்று, எருசலேமில் சாட்சி கொடுத்ததுபோலவே ரோமாவிலும் கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார் (23:11). ‘எப்படியும் போய்ச் சேரத்தானே போகிறோம்’ என்று அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. முடிவு தெரிந்த மனிதரே முதலில் எச்சரிக்கிறார். தேவன் ஆளுகை செய்கிறார் என்ற நம்பிக்கை அவருடைய வாயைக் கட்டவில்லை, திறந்தது.

‘ஒருவனுக்கும் சேதம் வராது’ என்று சொன்ன பவுலே, பிறகு ‘இவர்கள் இறங்கினால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள்’ என்கிறாரே?

இந்த விஷயத்தின் மையமே இந்தக் கேள்விதான். புயலுக்கு நடுவே பவுல் சொன்ன 22-ஆம் வசனத்தில் நிபந்தனை ஒன்றும் இல்லை: கப்பற்சேதமேயல்லாமல் உங்களில் ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது. தேவதூதன் சொன்னது, பவுல் அதை நம்புகிறார்.

பதினாலாம் ராத்திரி. நடுச்சாமத்தில் கரை நெருங்குகிறது என்று மாலுமிகளுக்குத் தோன்றுகிறது. ஆழம் பார்க்கும் விழுது விட்டுப் பார்த்தால் 20 பாகம். இன்னும் சற்றுத் தூரம் போய்ப் பார்த்தால் 15. பாறையில் மோதிவிடுமோ என்று பயந்து பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களைப் போடுகிறார்கள். அந்த இருட்டில், முன்னணியத்திலும் நங்கூரம் போடப் போகிறவர்கள்போலப் பாசாங்கு செய்து, மாலுமிகள் படவை இறக்குகிறார்கள். தாங்கள் மட்டும் தப்பித்துக்கொள்ளும் திட்டம். அதைக் கண்டுகொண்ட பவுல், கைதிகளுக்குக் காவலாக வந்த நூற்றுக்கு அதிபதியிடமும் அவருடைய சேவகரிடமும், ‘இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்’ என்கிறார். சேவகர் படவின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள்.

பவுல் முன்னுக்குப் பின் முரணாகப் பேசவில்லை. 276 பேரும் கரையேறுவார்கள் என்று தீர்மானித்த தேவன், அவர்கள் எந்த வழியாகக் கரையேறுவார்கள் என்பதையும் தீர்மானித்திருந்தார். கப்பலைக் கரைக்குத் திருப்பத் தெரிந்த மாலுமிகள் கப்பலில் இருப்பது அந்த வழியில் ஒரு பகுதி. பவுலின் எச்சரிப்பு இன்னொரு பகுதி. கயிற்றை அறுத்த சேவகனின் கத்தி இன்னொன்று. வாக்குத்தத்தம் வந்த பிறகு எச்சரிப்பு தேவையில்லாமல் போய்விடும் என்றால் பவுல் அன்று ராத்திரி தூங்கியிருப்பார்.

முதல் எச்சரிப்பில் ‘ஜீவனுக்கும் சேதம்’ என்றாரே, யாரும் சாகவில்லையே? பவுல் தவறாகச் சொன்னாரா?

அந்த முதல் எச்சரிப்பில் ‘கர்த்தர் சொல்லுகிறார்’ என்று அவர் சொல்லவில்லை. ‘உண்டாயிருக்குமென்று காண்கிறேன்’ என்றுதான் சொன்னார். அது கடலில் அடிபட்ட மனிதரின் கணிப்பு. இந்தப் பயணத்துக்குச் சில வருஷங்களுக்கு முன்பே அவர் கொரிந்தியருக்கு எழுதிவிட்டார்: மூன்று தரம் கப்பற்சேதத்தில் இருந்தேன், ஒரு ராப்பகல் முழுவதும் ஆழ்கடலில் போக்கினேன் என்று (2 கொரிந்தியர் 11:25). இது அவருக்குக் குறைந்தது நான்காவது. வாக்குத்தத்தம் வந்த பிறகுதான் ‘தேவதூதன் சொன்னான்’ என்கிறார். எது தன் கணிப்பு, எது தேவன் சொன்னது என்பதை அவர் கலக்கவில்லை.

இன்றைக்கு மேடையில் எல்லாவற்றுக்கும் ‘கர்த்தர் உரைக்கிறார்’ என்று முத்திரை குத்தும் ஊழியர்கள் இதைக் கொஞ்சம் வாசிக்கலாம். கேட்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும்: அது கணிப்புதான் என்பதால் அதை உதறித் தள்ளியது சரியாகிவிடவில்லை. அனுபவசாலியின் எச்சரிப்பும் தேவன் வைத்த வேலிதான். ‘விவேகி ஆபத்தைக் கண்டு மறைந்துகொள்ளுகிறான், பேதைகள் நெடுகப்போய் தண்டிக்கப்படுகிறார்கள்’ என்ற நீதிமொழியில் (22:3) தரிசனமும் இல்லை, தூதனும் இல்லை. கண் இருந்தால் போதும்.

நூற்றுக்கு அதிபதி விவரம் தெரிந்தவர்கள் பேச்சைத்தானே கேட்டார்? அதில் என்ன தப்பு?

அந்த நூற்றுக்கு அதிபதி யூலியு கெட்டவர் இல்லை. பவுலிடம் பட்சமாக நடந்தவர்; கடைசியில் கைதிகளைக் கொன்றுபோட நினைத்த சேவகரைத் தடுத்தவரும் அவர்தான். விவரம் தெரிந்தவர்களைக் கேட்டதும் தப்பில்லை. ஆனால் யாரைக் கேட்டார் என்று பாருங்கள். கப்பல் எஜமானுக்குச் சரக்கு போய்ச் சேர்ந்தால்தான் லாபம். ரோமாபுரி எகிப்தின் கோதுமையை நம்பி வாழ்ந்த ஊர். கொஞ்ச காலத்துக்கு முன்புதான் கிலவுதியு இராயன் குளிர்காலத்தில் தானியம் கொண்டுவரும் வியாபாரிகளுக்குப் புயலில் நஷ்டம் வந்தால் தானே ஏற்பதாகச் சொல்லியிருந்தான். புறப்படச் சொல்வதில் எஜமானுக்கு லாபம் இருந்தது. பவுலுக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது, அந்தத் துறைமுகம் குளிர்காலத்தில் தங்க வசதியாயில்லை. குளிர்காலத்தைக் கழிக்க அவர்கள் நினைத்த, அதே தீவின் பேனிக்ஸ் துறைமுகத்துக்கு நல்ல காற்று இருந்தால் ஒரு நாள் ஓட்டம்தான். மூன்றாவது, பெரும்பாலானோர் போகலாம் என்றார்கள். நான்காவதாகத் தென்றலும் அடித்தது. லாபம், வசதி, கூட்டம், நல்ல காற்று: நாம் ‘கர்த்தர் வாசலைத் திறந்தார்’ என்று சொல்கிற பெரும்பாலான சாட்சிகளில் இந்த நான்கில் ஒன்றாவது இருக்கும். தென்றல் அடித்தது உண்மை. அதைப் பச்சைக்கொடி என்று வாசித்ததுதான் மோசம்.

வீட்டை அடமானம் வைத்து வியாபாரம் தொடங்கப் போகிறவர் ஆலோசனை கேட்டால் நான் முதலில் கேட்பது இதுதான்: ‘செய்யுங்கள் என்று சொல்கிறவர்களில் யாருக்கு இதில் கமிஷன் கிடைக்கும்?’

ஒரு எச்சரிப்பு தேவனிடமிருந்துதான் வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாட்ஸ்அப்பில் ‘தேவமனிதர் கண்ட தரிசனம், உடனே 10 பேருக்கு அனுப்பவும்’ என்று வருவதைச் சோதிக்கவே தேவையில்லை, அழித்துவிடுங்கள். பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் ஆசீர்வாதம் நின்றுபோகும் என்று மிரட்டும் எதுவும் சுவிசேஷம் இல்லை.

மற்றவற்றுக்கு வேதமே அளவுகோல் தருகிறது. கர்த்தரின் நாமத்தில் சொன்னது நடக்காமற்போனால் அது கர்த்தர் சொல்லாதது, அவனுக்குப் பயப்படவேண்டாம் என்கிறது உபாகமம் 18:22. ஆனால் நடந்துவிட்டாலும் போதாது. அடையாளம் நடந்தும், அது உங்களை வேறு தேவர்களிடம் இழுக்கிறது என்றால் கேட்காதே என்று 13-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆக, நிறைவேறுகிறதா என்பது ஒரு கேள்வி, என்னை எங்கே கொண்டுபோகிறது என்பது இன்னொரு கேள்வி. என் அனுபவத்தில் இரண்டாவதுதான் சீக்கிரம் வேலை செய்யும். பயத்தை மூட்டிவிட்டுக் காணிக்கைக் கவரை நீட்டுகிற எச்சரிப்பு எங்கே கொண்டுபோகிறது என்று தெரிந்துகொள்ள அது நிறைவேறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தேதி சொல்கிறவர்கள் தனி ரகம். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள். பலர் அந்த வருஷம் பயிரை அறுக்காமலே விட்டுவிட்டார்கள். ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். அது போனதும் அக்டோபர் 21 என்றார். மறு வருஷம், தேதி குறித்தது பாவம் என்று அவரே ஒத்துக்கொண்டார். ‘அந்த நாளையும் அந்த நாழிகையையும் ஒருவனும் அறியான்’ என்று எழுதியிருக்கும் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனையும் நடந்தது.

மறுபக்கமும் உண்டு. ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடக் கூடாது. ‘தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்’ என்பதும் ‘எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்பதும் 1 தெசலோனிக்கேயர் 5-இல் அடுத்தடுத்த வரிகள்.

பெரிய ஊழியர் ஒருவர் ‘கர்த்தர் எனக்குக் காட்டினார், நீ இதைச் செய்’ என்கிறார். மீறலாமா?

1 இராஜாக்கள் 13-ஐ வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். யூதாவிலிருந்து பெத்தேலுக்கு அனுப்பப்பட்ட தேவனுடைய மனுஷனுக்குக் கட்டளை தெளிவாக இருந்தது: அங்கே அப்பம் புசியாதே, தண்ணீர் குடியாதே, போன வழியாய்த் திரும்பாதே. ராஜா கூப்பிட்டபோது மறுத்துவிட்டார். ஒரு கிழத் தீர்க்கதரிசி வந்து, ‘உன்னைப்போல நானும் தீர்க்கதரிசிதான், ஒரு தூதன் என்னிடம் சொன்னான்’ என்று பொய் சொன்னதும் நம்பிப் போய்ச் சாப்பிட்டார். திரும்பும் வழியில் சிங்கம் கொன்றது. ராஜாவின் விருந்துக்கு மசியாதவர் ஊழியரின் சாப்பாட்டுக்கு மசிந்தார். தேவன் உங்களுக்குத் தெளிவாகச் சொன்னதை இன்னொருவருடைய தரிசனம் ரத்து செய்யாது.

புத்தாண்டு வாக்குத்தத்த வசனம் எடுக்கிறோம். அதில் எச்சரிப்பு வசனமே வருவதில்லையே?

அட்டை அச்சடிப்பவர்கள் அப்படித்தான் பொறுக்குகிறார்கள்! டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் ‘உங்கள் பிடரியைக் கடினப்படுத்தாதிருங்கள்’ என்று ஒரு அட்டை வந்தால் எடுத்தவர் முகம் எப்படிப் போகும்? அட்டை எடுப்பதைக் குறை சொல்லவில்லை. எடுத்த வசனத்தின் முன்னும் பின்னும் வாசியுங்கள் என்கிறேன்.

அதிகம் அச்சாகும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11: தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. முந்தின வசனம், பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்பு என்கிறது. கடிதம் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் அதைப் பார்க்க உயிரோடு இருக்கப்போவதில்லை. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று ஆலயத்திலேயே அறிவித்திருந்தான். ஜனங்களுக்குப் பிடித்த செய்தி அது. எரேமியா எழுதினதோ: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள். தேவன் நல்லவர், அவர் கணக்கில் எழுபது வருஷம் என்பதும் நன்மைக்கே என்று நம்பச் சொல்கிற வசனத்தை நாம் ‘இந்த வருஷம் பிரமோஷன்’ என்று எடுத்துக்கொள்கிறோம்.

கெட்ட சொப்பனம் கண்டேன். எச்சரிப்பா?

பெரும்பாலும் இல்லை. அலுவல்கள் அதிகமானால் சொப்பனமும் வரும் என்று பிரசங்கியே சொல்லியிருக்கிறார். வேதத்தில் தேவன் சொப்பனத்தில் எச்சரித்த இடங்களில் செய்யவேண்டியது என்ன என்பது தெளிவாக இருந்தது: எழுந்திரு, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடிப்போ. யோசேப்பு அன்று ராத்திரியே புறப்பட்டார். என்ன செய்வது என்றே தெரியாமல் வெறும் பயத்தை மட்டும் விட்டுப்போகும் சொப்பனத்துக்காக ஜெபித்துவிட்டுத் தூங்குங்கள்.

எச்சரிப்பு வந்தால் பின்வாங்கிவிட வேண்டும் என்றுதான் அர்த்தமா?

எப்போதும் அப்படி இல்லை. மூன்று சம்பவங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

தாவீது கேகிலா என்ற ஊரைப் பெலிஸ்தரிடமிருந்து காப்பாற்றிவிட்டு அங்கே தங்கியிருக்கிறார். தன்னைக் கொல்லத் தேடும் ராஜா சவுல் அங்கே வருவானா என்று கர்த்தரிடம் கேட்கிறார்; வருவான். ஊரார் என்னைப் பிடித்துக் கொடுப்பார்களா? கொடுப்பார்கள். உடனே ஏறக்குறைய 600 பேரோடு வெளியேறுகிறார். சவுல் வரவேயில்லை (1 சாமுவேல் 23). தேவன் ‘வருவான்’ என்று சொன்னது பொய்யா? தாவீது அங்கேயே இருந்திருந்தால் நடந்திருக்கப்போவதைச் சொன்னார். யோனா நினிவேக்குச் சொன்ன ‘இன்னும் நாற்பது நாள்’ என்பதும் இந்த ரகம்தான்; ஊர் மனந்திரும்பியது, அழிவு வரவில்லை. எச்சரிப்பு பலித்தால்தான் வெற்றி என்று நினைத்த யோனா ஊருக்கு வெளியே குடிசை போட்டு உட்கார்ந்து கோபித்துக்கொண்டார்.

அடுத்தது பவுல், எருசலேமில். ‘ரோமாவிலும் சாட்சி கொடுப்பாய்’ என்று கர்த்தர் சொன்ன மறுநாளே, நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் அவரைக் கொல்லுமட்டும் சாப்பிடுவதில்லை என்று சபதம் போட்டார்கள். பவுலின் சகோதரி மகன் அதைக் கேள்விப்பட்டு ஓடிவந்து சொன்னான். ‘தம்பி, எனக்கு வாக்குத்தத்தம் இருக்கிறது, நீ வீட்டுக்குப் போ’ என்று பவுல் சொல்லவில்லை. பையனை நேரே சேனாபதியிடம் அனுப்பினார். அன்று ராத்திரி 200 காலாட்கள், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் என 470 பேர் காவலோடு அவரை ஊரைவிட்டுக் கொண்டுபோனார்கள். ஒரு வாலிபனின் காதில் விழுந்த பேச்சு வழியாகத் தேவன் தம் வார்த்தையைக் காத்தார்.

மூன்றாவது அதற்குச் சில நாள் முன்பு, செசரியாவில் பிலிப்புவின் வீட்டில். அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இந்தக் கச்சைக்குரியவனை எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்றார். கூட இருந்தவர்கள் போகவேண்டாம் என்று அழுதார்கள். பவுல் போனார். அகபுவின் வார்த்தையை அவர் மறுக்கவில்லை. கட்டுகள் காத்திருக்கின்றன என்று ஆவியானவர் பட்டணந்தோறும் சொல்கிறார் என்று ஏற்கெனவே எபேசு மூப்பரிடம் சொல்லியிருந்தார். போகாதே என்பதற்காக அல்ல, ஆயத்தப்பட்டுப் போ என்பதற்காக வந்த எச்சரிப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் வித்தியாசம் எதில்? கேகிலாவில் தங்கியிருக்கும்படி தாவீதுக்குக் கட்டளை இல்லை. எருசலேமுக்குப் போகும்படி பவுல் ஆவியில் கட்டுண்டிருந்தார். நீங்கள் கீழ்ப்படிகிற பாதையில் ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் துணிந்து போகலாம். நீங்களாகப் போட்ட பாதை என்றால் திரும்பிவிடுவதில் அவமானம் ஒன்றுமில்லை.

இதே அகபு முன்பு ஒருமுறை பஞ்சம் வரும் என்று அறிவித்தபோது (11:28) அந்தியோகியா சபையார் என்ன செய்தார்கள் தெரியுமா? பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பினார்கள். எச்சரிப்பைக் கேட்டுத் தங்கள் வீட்டில் மூட்டை அடுக்கினதாக எழுதவில்லை.

நாங்கள் ஜெபித்துவிட்டுத்தானே முடிவெடுத்தோம்?

எரேமியா 42-இல் இருந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். எருசலேம் விழுந்து, அதிபதி கெதலியாவும் கொல்லப்பட்ட பிறகு, மிஞ்சினவர்கள் பாபிலோனுக்குப் பயந்து எகிப்துக்குப் புறப்பட்டு, பெத்லகேமுக்குப் பக்கத்தில் தங்கியிருந்தார்கள். எரேமியாவிடம் வந்து, எங்களுக்காக ஜெபியும், நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தர் சொல்வதைக் கேட்போம் என்றார்கள். பதில் வரப் பத்து நாள் ஆயிற்று. ‘இந்தத் தேசத்திலே தரித்திருங்கள், எகிப்துக்குப் போகாதிருங்கள்’ என்று வந்ததும், ‘நீ பொய் சொல்லுகிறாய்’ என்று எரேமியாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு எகிப்துக்குப் போனார்கள்.

மூட்டையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் ஜெபிக்க வந்திருந்தார்கள். கலியாணப் பத்திரிகை அச்சுக்குப் போன பிறகு ‘சித்தமா என்று ஜெபியுங்கள்’ என்று கேட்டு வரும் பெற்றோரை எனக்குத் தெரியும். இந்த அதிகாரத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டத் தைரியம் வருவதில்லை.

விசுவாசத்தோடு இருக்கிறேன், டாக்டரிடம் போகாவிட்டால் என்ன?

மார்பில் கட்டி தெரிந்தும் ஆறு மாதம் உபவாச ஜெபத்தில் இருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது கோபமும் துக்கமும் சேர்ந்து வரும். அந்தக் கட்டி கையில் தட்டுப்பட்டதே ஓர் எச்சரிப்பு என்று ஏன் தோன்றவில்லை? சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருஷம் உண்டு என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயாதான் அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20:7). இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று 91-ஆம் சங்கீதத்தைக் காட்டினது யார் என்பதை நினைவில் வையுங்கள். ஜெபித்துக்கொண்டே டோக்கன் எடுங்கள்.

புயல், சுனாமி எல்லாம் தேவன் தரும் எச்சரிப்பா? இறந்தவர்கள் பாவிகளா?

இயேசுவே இதே கேள்வியை எழுப்பினார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர், எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரைப் பார்க்கிலும் குற்றவாளிகளா? ‘அப்படியல்ல’ என்றார் (லூக்கா 13). பிறகு கேட்டவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். எச்சரிப்பு உயிரோடிருக்கிறவர்களுக்கு, இறந்தவர்கள்மேல் தீர்ப்பு எழுத நமக்கு அனுமதி இல்லை.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்ரீகர்களும் அவர்களில் உண்டு. பூசைக்கும் ஆராதனைக்கும் வந்தவர்களைப் பார்த்து ‘எச்சரிப்பைக் கேட்கவில்லை’ என்று யாராவது சொன்னால் அது, பாடுபட்ட யோபுவைப் பாவி என்று குற்றஞ்சாட்டிய நண்பன் எலிப்பாசின் பேச்சு. யோபுவின் கடைசி அதிகாரத்தில் கர்த்தர் எலிப்பாசைக் கோபித்துக்கொண்டார். அன்று இந்தியப் பெருங்கடலில் சுனாமி எச்சரிப்பு ஏற்பாடே இல்லை. 2007-இல்தான் ஹைதராபாத்தில் அதற்கான மையம் வந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் வேகமாக உருவானபோது, முன்னமே ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. எச்சரிப்பை மீறினவர்கள் வேறு, எச்சரிப்பே எட்டாதவர்கள் வேறு. எட்டாதவர்களுக்கு எட்டவைக்கிற வானிலைக்காரரும் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறவரும் தேவனுடைய கையில் இருக்கிறவர்கள்தான் என்று நான் நம்புகிறேன்.

பேதுருவைச் சிறையிலிருந்து விடுவித்தார், யாக்கோபை வாளுக்கு விட்டுவிட்டார். இந்த ஆளுகையை எப்படி நம்புவது?

அப்போஸ்தலர் 12-இல் இரண்டும் ஒரே ஏரோதின் கையில், சில நாள் இடைவெளியில் நடந்தவை. லூக்கா காரணம் சொல்லவில்லை. யாக்கோபுக்காகச் சபை குறைவாக ஜெபித்தது என்றோ அவருக்கு விசுவாசம் போதவில்லை என்றோ எழுதவில்லை. நானும் காரணம் கண்டுபிடித்துச் சொல்லப்போவதில்லை. தானியேல் 3-இல், சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று பேர், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றும் சொன்னார்கள், ‘விடுவிக்காமற்போனாலும்’ என்றும் சொன்னார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததால்தான் அதை நம்பிக்கை என்கிறோம்.

எச்சரிப்பை அலட்சியம் செய்துவிட்டேன். இனி வழி உண்டா?

உண்டு. 27-ஆம் அதிகாரத்துக்குத் திரும்பிப் போங்கள். தூதன் எப்போது வந்தான்? சூரியனோ நட்சத்திரமோ அநேகநாள் காணாமல், தப்புவோம் என்ற நம்பிக்கை எல்லாம் அற்றுப்போன பிறகு. எச்சரிப்பைக் கேட்டவர்களுக்கு அல்ல, மீறினவர்கள் நிறைந்த கப்பலுக்குத்தான் வாக்குத்தத்தம் வந்தது.

ஆனால் கப்பல் போய்விட்டது. கோதுமை போய்விட்டது. ‘ஆயினும் நாம் ஒரு தீவிலே விழவேண்டியதாயிருக்கும்’ என்று பவுல் சேர்த்தே சொன்னார். மன்னிப்பு கிடைத்த பிறகும் கடன் தவணை ஒவ்வொரு மாதமும் வரும். விளைவுகள் அப்படியே ரத்தாகிவிடும் என்று யாரும் உங்களுக்கு ஆசை காட்டவேண்டாம். தேவன் காற்றைக்கூட நிறுத்தவில்லை. கிரேத்தாவுக்கு அருகே அவர்கள் கடந்த கிலவுதா என்ற சிறு தீவிலிருந்து, கரையேறின மெலித்தா (இன்றைய மால்டா) வரை ஏறக்குறைய 475 கடல் மைல். புயலில் அலையும் கப்பல் அந்தத் தூரத்தைக் கடக்க எவ்வளவு நாளாகும் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துப் படகுக்காரர் கணக்குப் போட்டார். சுமார் 13 நாள் என்று வந்தது. லூக்கா எழுதினது பதினாலாம் ராத்திரி. அவர்களை அடித்துக்கொண்டுபோன அதே காற்றுதான் அவர்களைத் தீவில் சேர்த்தது.

என் தம்பி கேட்கவே மாட்டேன் என்கிறான். எத்தனை முறை சொல்வது? நஷ்டப்பட்டு வந்தால் ‘அப்போதே சொன்னேனே’ என்று சொல்லலாமா?

எசேக்கியேல் 33-இல் காவற்காரனுடைய வேலை எக்காளம் ஊதுவது. ஊதினான் என்றால் அவன் தப்பினான். ஊரைத் தூக்கிச் சுமக்கும்படி அவனிடம் சொல்லப்படவில்லை. தெளிவாக ஒருமுறை, தனியாக, உங்களுக்கு அதில் லாபம் இல்லை என்று தம்பிக்குத் தெரியும்படி சொல்லுங்கள். நேரம் வாய்த்தால் இன்னொரு முறை. தினமும் சாப்பாட்டு மேஜையில் சொன்னால் அது எச்சரிப்பாக இராது, நச்சரிப்பாகிவிடும்.

பவுல் ‘அப்போதே சொன்னேனே’ என்று சொல்லத்தான் செய்தார்: என் சொல்லைக் கேட்டுக் கிரேத்தாவை விட்டுப் புறப்படாமல் இருந்திருக்க வேண்டும் என்று (27:21). ஒரே வரி. அடுத்த வரி ‘திடமனதாயிருங்கள்’. அந்த வரியையும் இந்தமுறையாவது கேளுங்கள் என்பதற்காகத்தான் சொன்னார். மாலுமிகள் படவை இறக்கினபோது சேவகர் அவர் பேச்சை உடனே கேட்டதில் அது பலித்தது. விடியற்காலையில் எல்லாரையும் சாப்பிடச் சொல்லி, தானே அப்பத்தை எடுத்து முதலில் புசித்தார்.

தம்பி விஷயத்துக்கு வருவோம். அவர் வாங்கப்போகிற கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள்; நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம் அதைப் பற்றிக் கண்டிப்பாகவே பேசுகிறது. கையெழுத்துப் போடாததற்குக் கோபித்துக்கொண்டு அவர் பேச்சை நிறுத்தினாலும், நீங்கள் அவருடைய பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் போவதை நிறுத்தவேண்டாம்.